மானுக்குப் பின்னால் ஒரு ஷாஃப்ட்

— கையில இன்னாக்கா துணி சுத்தியிருக்க? பெயிண்டா, ரத்தமா?

— ரெண்டும்தான். அத்த வுடு. மொதல்ல அந்தத் திரையை இழுத்துக் கட்டு ரூபேஷ். காத்துல தூக்கிக்குது. ரோட்ல போறவன்லாம் உள்ள எட்டிப் பார்க்கறான்.

— பார்த்தா பார்க்கட்டும், பிடு, வுடுக்கா. பத்து மணிக்கு கமிட்டித் தலைவர் நாகேஷ் சார் கயிறை இழுத்தா ஊரே பார்க்கத்தானே போகுது? விடிஞ்சும் விடியாம ஃபோன் பண்ணி "ஓடி வாடா"ன்ற. நான் விழாவுக்குப் புதுச் சட்டை போட்டுக்கினு வந்தா, நீ சாரம் மேல உக்காந்துக்கினு பெயிண்ட் டப்பாவைத் தெறந்து வச்சிருக்க. சுவர்தான் நேத்தே முடிஞ்சுதே?

— முடியல. அந்த ஷாஃப்டை அழிக்கணும்.

— எந்த ஷாஃப்டை?

— நம்ம சுவத்துல எத்தினி ஷாஃப்ட் கீது? மானுங்களுக்குப் பின்னால, மேல சக்கரம் வச்ச இரும்புக் கோபுரமா நிக்குதே, அந்தக் கோணல் ஷாஃப்டைத்தான்.

— அக்கா, உனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இல்லியே? ரயில் ஸ்டேஷனுக்கு எதிர்ல இவ்ளோ நீள சுவர் நமக்குக் கிடைச்சதே பெரிய விஷயம். "தங்கச் சுரங்கமும் வனவிலங்கும்"னு தலைப்பு குடுத்தது கமிட்டி. சுரங்கத்துக்கு அந்த ஒரு ஷாஃப்ட்தான் இருக்கு. அதையும் அழிச்சா மிச்சம் இன்னா இருக்கும்? மானும் மண்ணும்.

— இன்னைக்கு காலையில அங்க போனேன்டா.

— எங்க?

— அங்கதான். சைனைடு டம்பு, அந்தச் சுரங்கக் கழிவு மண்மேட்டுக்குப் பின்னால, நான் உக்காந்து வரையற எடத்துக்கு. சுவர் வேலையில ஒரு வாரமா அந்தப் பக்கமே போவல. முடிஞ்சுதே, அதுங்களை ஒரு வாட்டி பார்த்துட்டு வரலாம்னு இருட்டு கலையறதுக்குள்ள போனேன். ஒரு மானும் இல்ல.

— எங்கயாவது மேயப் போயிருக்கும்க்கா. மானு இன்னா ஷிஃப்டுக்கா வருது, டைமுக்கு கையெழுத்து போட?

— சிரிக்காத. கேளு. அந்த வேலியில கீழ ஒரு பொத்தல் கீது. மானுன்னா வேலியைத் தாண்டிக் குதிக்கும்னு எல்லாரும் நெனைச்சுக்கறாங்க. இதுங்க குனிஞ்சு பூந்துதான் வரும். அந்தப் பொத்தலு பூரா சுருக்கு வச்சிக்கீறானுங்க. பைக்குக்குப் போடற க்ளட்ச் வயரு. நான் வெறுங்கையால பிடுங்கினேன், அறுத்துடுச்சு.

— ஐயோ. மாட்டியிருந்துதா எதாவது?

— இல்ல. ஆனா மண்ணுல நாய் காலு. தெருநாய் காலு இல்ல. வேட்டைக்குன்னு வளர்ப்பாங்களே, நீட்டுக் காலு நாயி, அது. இங்கயும் அங்கயும் ஓடியிருக்குது. அங்கயே உக்காந்துட்டேன்.

— ஃபாரஸ்ட் கார்டுக்கு ஃபோன் பண்ணியா?

— பண்ணாம இருப்பனா? பங்காரப்பேட்டைக்கு அந்தாண்ட எங்கயோ யானை எறங்கிடுச்சாம், அங்க கீறாரு. இந்த ரேஞ்சுக்கே அவரு ஒரே ஆளு, பாவம் இன்னா பண்ணுவாரு. சாயந்திரம் வர்றேன்னாரு.

— சரி. சாயந்திரம் வருவாரு, பார்த்துப்பாரு. அதுக்கும் இந்தச் சுவருக்கும் இன்னாக்கா சம்பந்தம்?

— போன ஞாயித்துக்கிழமை பெருமாள் மாமா நாலு பென்ஷன்காரங்களை இட்டுக்கினு வந்து நின்னாரு, ஞாபகம் கீதா?

— மறப்பேனா? "ஏம்மா, மானுக்குப் புள்ளியே வைக்காம வுட்டுட்டியே, பெயிண்டு பத்தலியா?"ன்னு கேட்டாரே. இது வெளிமானு மாமா, இதுக்குப் புள்ளியே கிடையாதுன்னா, மனுஷன் நம்பவே இல்ல.

— அதுக்கு அப்பால இன்னா சொன்னாரு?

— ஷாஃப்டைப் பார்த்துட்டு சின்னப் புள்ள மாதிரி ஆயிட்டாரு. "டேய், இது நம்ம கோணல் ஷாஃப்டு"ன்னு கத்தினாரு.

— அதோட வுட்டாரா? விரலை வச்சு ஒண்ணொண்ணா காட்டினாரு. "ஏணி இடது பக்கம் தெரியுது. சக்கரத்துல மேல் கம்பி ஒண்ணு காணோம். அப்படின்னா பழைய பம்ப் ஹவுஸ் பக்கத்துல உக்காந்துதான் இந்தப் பொண்ணு பார்த்திருக்கு. நெழலு இந்தாண்ட விழுது, அதனால காலைல. மானுங்க மொதல் ஷிஃப்டு நேரத்துக்கு வருது"ன்னாரு. சொல்லிட்டு எல்லாரும் கை தட்டினாங்க.

— அவரு அந்த ஷாஃப்டுல தினம் கேஜ் கூண்டுல எறங்கி ஏறினவருக்கா. அவருக்கு அது வீடு மாதிரி. சந்தோஷத்துல சொன்னாரு.

— நான் அவரைக் குத்தம் சொல்லலடா. அவரு கண்ணுல தண்ணி வந்துடுச்சு, நானும்தான் அழுதேன். ஆனா பின்னால ஒருத்தன் பைக்கை ஆஃப் பண்ணாம நின்னுக்கினு எல்லாத்தையும் கேட்டான். ஒல்லியா, காதுல கடுக்கன். ஒரு மானைக்கூட நிமுந்து பார்க்கல அவன். ஷாஃப்டை மட்டும் ஃபோட்டோ எடுத்துக்கினு போயிட்டான். அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்துது. நான்தான் "போடி, எல்லாரையும் சந்தேகப்படாத"ன்னு எனக்கே சொல்லிக்கினேன்.

— ஃபோட்டோ எடுக்கறவன்லாம் வேட்டைக்காரனா?

— வெளியூர்க்காரனுக்கு எல்லா ஷாஃப்டும் ஒரே இரும்புதான். நம்ம ஊர்க்காரனுக்கு அப்படியா? சக்கரம் ஒரு பக்கம் சாஞ்சிருந்தா போதும், எந்த ஷாஃப்டு, எந்த ரோடு, எந்தப் பக்கம்னு தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவான். எனக்கு அது தெரியாதா? தெரிஞ்சுதான் அவ்ளோ அழகா, ஒரு ஆணி விடாம வரைஞ்சு வச்சேன். மானு எங்க வருது, எப்ப வருதுன்னு ஊருக்கு நடுவுல போர்டு எழுதி மாட்டின மாதிரி ஆயிடுச்சு.

— நான் அப்பவே சொன்னேன். கூகுள்ல ஆயிரம் மானு கெடக்குது, நாலை எடுத்துப் போட்டு, பின்னால ஒரு ஷாஃப்டை ஒட்டிடலாம்னு. கேட்டியா? "பார்க்காததை வரைய மாட்டேன்"ன. நாகேஷ் சார் ஒரு சிங்கம் வைக்கக்கூடாதான்னு ஆசையா கேட்டாரு. "கோலார்ல சிங்கத்தை எங்க சார் பார்த்தீங்க?"ன்னு மூஞ்சி மேலயே கேட்ட.

— பின்ன? சிங்கத்தை நான் பார்த்ததே இல்ல. எப்படி வரைவேன்?

— எல்லாரும் எப்படி வரையறாங்களோ அப்படி!

— எல்லாரும் வரைஞ்சா அது காலண்டர் சிங்கம். நானும் ஃப்ளெக்ஸ் கடையில அப்படித்தானே குப்பை கொட்டினேன். தலைவருங்க மூஞ்சிக்கு ரோஸ் பவுடரு, பின்னால ஒரு புலி, ஒரு கழுகு. என் கையி எது, கம்ப்யூட்டர் கையி எதுன்னே தெரியாது. அன்னைக்கு மட்டும் அந்த டம்பு பக்கத்துல ஸ்கூட்டி பஞ்சர் ஆவலைன்னா இன்னும் அங்கதான் இருந்திருப்பேன்.

— ஆரம்பிச்சுட்டியா பஞ்சர் புராணத்தை?

— நீ கிண்டல் பண்ணு. ஒரு கடா மானு, முதுகு பூரா தார் பூசின மாதிரி கறுப்பு, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கினு, கொம்பை முதுகு மேல சாச்சுக்கினு, மாப்பிள்ளை ஊர்வலத்துல நடக்கற மாதிரி நடந்துது. நாலு பொட்டை மானுங்க அதைக் கண்டுக்கவே இல்ல, புல்லைத் தின்னுக்கினு இருந்துதுங்க. எனக்குச் சிரிப்பு தாங்கல. கையில இருந்த மெக்கானிக் பில்லு பின்னால கிறுக்கினேன். அன்னைக்குத்தான்டா என் கையில ஒரு கோடு வந்துது. அதுவரைக்கும் நான் போட்டதெல்லாம் யாரோ போட்ட கோடு.

— ம்.

— பின்னங்கால் எந்தப் பக்கம் மடங்குதுன்னு புரியறதுக்கே எனக்கு ஒரு மழைக்காலம் ஆச்சு. அதுங்க என்னை ஒண்ணும் பண்ணாம அங்க உக்கார வுட்டுதுங்க. இப்ப என்னாலயே அதுங்களுக்கு எமன் வந்துடுச்சு. எனக்கு அசிங்கமா கீதுடா. சோறு எறங்கல.

— அக்கா... அழாத. கண்ணைத் துடைக்காத, கையில பெயிண்டு. இரு, நாகேஷ் சார் கூப்பிடறாரு. ஹலோ? ஹா சார், நமஸ்காரா சார். எல்லா ரெடி சார். பன்னி சார், வாங்க. இல்ல சார், துணியைத் தூக்க வேணாம், சர்ப்ரைஸ் இருக்கட்டும். ஹா... ஹா... ஆய்து சார். ... கிளம்பிட்டாராம். மாலை வாங்கிக்கினு நேரா வர்றாரு.

— அப்ப டைம் இல்ல. வெள்ளை டப்பாவை எடு.

— எதுக்கு?

— ஷாஃப்டு மேல வெள்ளை அடிச்சு, அதுக்கு மேல வானத்தை இழுத்து வுட்டுடலாம்.

— லுக் அக்கா, நீ ஆர்ட்டிஸ்டு. ஆனா நான் சின்ன வயசுல இருந்து சுவரு எழுதறவன். கறுப்பு இரும்பு மேல வெள்ளை அடிச்சா ஒரு கோட்ல மூடுமா? மூடாது. ரெண்டு கோட்டு அடிச்சு, நடுவுல காய வுடணும். பத்து மணிக்கு அவரு கயிறை இழுக்கறப்ப, வானத்துக்குள்ள ஒரு பேய் மாதிரி ஷாஃப்டு நிக்கும். ஜனம் அதைத்தான் மொதல்ல பார்க்கும். "ஏன் அழிச்சாங்க"ன்னு கேக்கும். ஃபோட்டோ எடுத்து வட்டம் போட்டு அனுப்பும்.

— அப்ப விழாவை நிறுத்து. மழை வருதுன்னு சொல்லு, எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லு.

— என் உடம்புதான் சரியில்லாம போகும்! அக்கா, ஸ்வல்ப, கொஞ்சம் என்னையும் பாரு. இந்தச் சுவரு நல்லா வந்தா இந்த ரயில் லைன்ல கோரமண்டல் வரைக்கும் ஸ்டேஷன் ஸ்டேஷனா சுவரு தர்றேன்னு சொல்லியிருக்காங்க. இது போச்சுன்னா நான் மறுபடியும் அந்த ட்ரெயின்தான். விடியறதுக்கு முன்னாடி ஏறி, ஒத்தைக் காலுல நின்னுக்கினு பெங்களூரு போயி, எவனோ கடைக்கு ஷட்டர்ல பேர் எழுதிட்டு, நடு ராத்திரி வீடு. என் பொண்ணு என்னை "ஞாயித்துக்கிழமை அப்பா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டா. சிரிப்பா இருக்கா? எனக்கு சிரிப்பா இல்ல.

— எனக்கும் இல்லடா. உன்னை அந்த ட்ரெயின்ல ஏத்தணும்னு எனக்கு இன்னா வேண்டுதலா? ஆனா இன்னைக்கு இது எல்லா ஃபோன்லயும் போவும். இதுவரைக்கும் ஒருத்தனுக்குத் தெரிஞ்சது, நாளைக்கு நாப்பது பேருக்குத் தெரியும். வயரு ஒருத்தன் வச்சான். நாளைக்கு எத்தினி பேரு வைப்பானுங்க?

— இரு. இரு, என்னை யோசிக்க வுடு. கறுப்பை வெள்ளையாக்க முடியாது. சரி. ஆனா கறுப்பை வேற கறுப்பாக்கலாம்ல?

— இன்னா சொல்ற?

— இந்த ஷாஃப்டை அழிக்க வேணாம். வேற ஷாஃப்டா மாத்திடலாம். சாஞ்ச காலு மறையற மாதிரி தடியா ஒரு நேர்க் காலு இழு. மேல இன்னொரு சக்கரம் போடு. ஏணியை மறைச்சு அந்தாண்ட ஒரு செங்கல் புகைபோக்கி. ரெட் ஆக்சைடு டப்பா பாதி இருக்கு. இப்ப எந்த ஷாஃப்டு ஆச்சு?

— ரெண்டு சக்கரம், செங்கல் புகைபோக்கி... நம்ம ஊரு அந்தக் கோடியில கீற பாலகாட் ஷாஃப்டா?

— பாலகாட்! அங்க இன்னா இருக்கு? சீமைக்கருவேல முள்ளு. நாம சின்ன வயசுல பந்து பொறுக்கப் போனாலே காலைக் கிழிச்சிக்கினு வருவோம். மானு இல்ல, ஒரு முயல்கூட நொழையாது. எவன் நாயை இட்டுக்கினு போனாலும் நாய் காலுலதான் முள்ளு குத்தும்.

— அந்தக் கடுக்கன்காரன் ஏற்கெனவே பழைய படத்தைப் பார்த்துட்டானே. நம்புவானா?

— அவன்தான் மொதல்ல நம்புவான். அவன் வயரு வச்ச எடத்துக்கு மானு வரல, இல்ல? இன்னைக்கு வந்து பார்ப்பான், ஷாஃப்டு மாறியிருக்கும். "ஓ, இந்தப் பொம்பளை தப்பா போட்டுட்டா, இப்பதான் சரி பண்ணியிருக்கா"ன்னு நினைப்பான். நளினி பார்க்காததை வரைய மாட்டான்னு ஊருக்கே தெரியும்க்கா. நீ வரைஞ்சா அது நெஜம்.

— அதனாலதான் எனக்கு பயமா கீது.

— இன்னா பயம்?

— இதுவரைக்கும் நான் பொய்யா ஒரு கோடு போட்டதில்ல. ஒரு காதை இந்தப் பக்கம் திருப்பறதுக்குக்கூட அங்க போயி உக்காந்து பார்த்துட்டு வந்துதான் போட்டேன். மானுங்க நிக்காத எடத்துல அதுங்களை நிக்க வைக்கறது... கையி வரமாட்டேங்குது.

— அதுங்களைக் காப்பாத்தறதுக்குத்தானே? நல்லதுக்குச் சொல்ற பொய்யி. சாமிகூட கண்டுக்காது. பிடி ப்ரஷ்ஷை.

— லவினாவை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம். அவ பாலகாட்டுலயேதானே கீறா. தினம் அந்தப் பக்கமா நடக்கறவ. கூப்பிட்டுப் பாரு.

— கூப்பிடறேன்... ரிங்கு போகுது... எடுக்கல. மிஸ்ஸு ஸ்கூல் பசங்களை வரவேற்புப் பாட்டுக்கு ரெடி பண்ணிக்கினு இருப்பாங்க, ஃபோனு சைலண்ட்ல கிடக்கும். இதுல கேக்கறதுக்கு இன்னா இருக்கு? முள்ளு இருக்கான்னு கேக்கப்போறியா? மைக் செட்டுக்காரன் "ஹலோ ஹலோ செக்"னு கத்தறது காதுல விழலியா? நாற்காலி எறக்கறானுங்க. நளினி மேடம், ப்ளீஸ்!

— சரி. குடு. ... சாரத்தை ஆட்டாத, கெட்டியா பிடி. நீ கீழ இருந்து புகைபோக்கிக்கு செவப்பு ஏத்திக்கினே வா, செங்கல் கோடு நான் போடறேன். சட்டையைக் கழட்டிட்டு வேலை செய்.

— திரைக்கு அந்தாண்ட கமிட்டி லேடீஸ் நிக்கறாங்க.

— இந்தாண்ட நிக்கறவ உன் அக்கா. கழட்டு.

— இன்னா பொழப்புடா சாமி. ... நேரா இருக்கா? மேல வளையுதா?

— மேல கொஞ்சம் ஒடைஞ்சிருக்கும், ஒரு பக்கம் பல்லு போன மாதிரி. அங்க போனவங்களுக்குத் தெரியும். வலது பக்கம் ஒரு கை அளவு கொறைச்சுக்க.

— இவ்ளோ டீட்டெயிலு வேணுமா? பொய்தானே?

— பொய்யின்னா சுத்தமா இருக்கணும். பெருமாள் மாமா விரலை வச்சுத் தடவுவாரு. ஒரு செங்கல் தப்பா இருந்தா "இது எந்த ஷாஃப்டும் இல்ல"ன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிடுவாரு. அப்பால யாரு நம்புவா? தள்ளு, அந்தத் தண்ணித் தொட்டியையும் போடறேன்.

— எந்தத் தொட்டி?

— புகைபோக்கிக்குப் பின்னால சிமெண்டுத் தொட்டி ஒண்ணு கீதே, பாதி ஒடைஞ்சது. சாம்பல் கலர் கலக்கு. ... அப்புறம் நெழலு. ஐயோ, நெழலு!

— இன்னாக்கா மறுபடி?

— பாலகாட்டுல தொட்டி பக்கமா நின்னா, காலையில நெழலு இந்தாண்ட விழாது. அந்தாண்ட விழும். மானுங்க காலு கிட்ட இருக்கற எல்லா நெழலையும் திருப்பணும்.

— விளையாடறியா? சுவரு பூரா மானு!

— மெல்லிசா மண் கலரை இழுத்து பழையதை மூடு, அது மூடும். நான் அந்தாண்ட புதுசா இழுத்துக்கினே வர்றேன். பேசாம செய். ... இந்தக் கடாவோட மூஞ்சியில மட்டும் கை வைக்காத. அதைத் தொட்டா எனக்குக் கெட்ட கோவம் வரும்.

— தொடல தாயே. ... அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? நேத்து ராத்திரி நான் இங்க தனியா நின்னு பார்த்தேன். இந்தக் குட்டி அம்மா வயித்துக்கு அடியில நுழையுது பாரு, அதைப் பார்த்துக்கினு வீட்டுக்குப் போகவே மறந்துட்டேன். உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். நீ பெரிய ஆளு. அவ்ளோதான்.

— இப்பவா சொல்லுவ இதை? நெழலு கோடு தப்பிடப் போவுது.

— டென்ஷன்ல வந்துடுச்சு. ... கார் ஹார்ன்! வந்துட்டாரு! எறங்கு, எறங்கு!

— தொட்டிக்கு ஒரு வெளிச்சம் மட்டும்...

— போதும்க்கா! ஈரமா இருக்குன்னு யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிடறேன். டப்பாவை எல்லாம் அந்தக் கோணிக்குக் கீழ தள்ளு. என் சட்டை எங்க? ஐயோ, இதுல செவப்பு!

— முதுகுலதானே. யாரும் பார்க்க மாட்டாங்க. சுவத்துக்கு முதுகைக் காட்டிக்கினு நில்லு.

— வா, இந்த ஸ்டேஷன் படிக்கட்டு கிட்ட வந்து நில்லு. இங்கிருந்து எல்லாம் தெரியுது. ... பேசறாரு, பேசறாரு... "நம்ம ஊரின் பெருமை"ங்கறாரு... "கிருஷ்ணம்ருகா"ன்னு வெளிமானைக் கன்னடத்துல சொல்றாரு... கயிறை இழுக்கறாரு!

— எனக்குப் பார்க்க முடியல. நீ பார்த்து சொல்லு.

— மாட்டிக்கிச்சு... இல்ல, வந்துடுச்சு. விழுந்துடுச்சு துணி! கை தட்றாங்க கேக்குதா? லவினா மிஸ்ஸோட பசங்க விசில் அடிக்குதுங்க. ஒருத்தரும் நெழலைக் கண்டுபிடிக்கல. நாகேஷ் சார் வாயைத் தெறந்தவரு மூடவே இல்ல. அக்கா, நிமுந்து பாரு, இது உன் கைதட்டு!

— பெருமாள் மாமா இன்னா பண்றாரு?

— கிட்ட போயிட்டாரு. கண்ணாடியைத் தூக்கிப் பார்க்கறாரு. தலையை ஆட்டறாரு. ஐயோ... விரலைத் தூக்கிட்டாரு.

— இன்னா சொல்றாரு?

— இரு, கேக்க வுடு. "இது நம்ம கோணல் இல்லடா, மாத்திட்டா. இது பாலகாட்டு ரெட்டைச் சக்கரம். புகைபோக்கி ஒடைஞ்ச பக்கம் தெரியுது, தொட்டி தெரியுது. அப்ப தொட்டிக்கு இந்தாண்ட நின்னுதான் பார்த்திருக்கா. கரெக்டா போட்டிருக்கு பொண்ணு"ன்றாரு. பாஸ்! அக்கா, நீ பாஸு!

— பாவம், அவரு மூஞ்சி வாடிடுச்சு பாரு. அவரு ஷாஃப்டை எடுத்துட்டோமே.

— அவருக்கு கோரமண்டல் சுவத்துல தனியா ஒண்ணு போட்டுக் குடுக்கலாம் பிடு. ... அக்கா. மெதுவா திரும்பு. புளியமரத்துக்குக் கீழ. பைக்கு. காதுல கடுக்கன், அவன்தானே?

— அவன்தான். என் கண்ணு பொய் சொல்லாது. பின்னால ரெண்டு நாயி, சங்கிலி போட்டு ஒரு பையன் பிடிச்சிக்கினு கீறான் பாரு. பட்டப்பகல்ல!

— பார்க்காத. சிரி. என்கிட்ட எதாவது பேசற மாதிரி பேசு. ஃபோட்டோ எடுக்கறான்... பெரிசு பண்ணிப் பார்க்கறான்... பெருமாள் மாமா விரலு போற எடத்துக்கெல்லாம் அவன் கண்ணு போகுது. வா கண்ணா, வா.

— சிரிச்சுக்கினுதான்டா கீறேன். எங்க போறான்னு பாரு.

— பைக்கை எடுக்கறான். இன்னொரு பைக்ல நாயை ஏத்தறானுங்க. எந்தப் பக்கம் திரும்பறான், எந்தப் பக்கம்... பாலகாட்! அக்கா, பாலகாட் ரோட்ல திரும்பிட்டான்! முள்ளுல கெடந்து சாயந்திரம் வரைக்கும் தேடட்டும் நாயும் மனுஷனும்! அதுக்குள்ள கார்டு வந்துடுவாரு, டம்பு பக்கம் வேலியை அடைச்சுடலாம்.

— தேடட்டும். நல்லா கிழியட்டும். ரூபேஷ், எனக்கு இப்பதான்டா மூச்சு வருது. காலையில இருந்து மூச்சே வுடல நானு. பசிக்குது. நெஜமா பசிக்குது. அங்க இட்லி போடறானான்னு பாரு.

— இட்லி இன்னா, இன்னைக்கு உனக்கு பிரியாணி. அதோ பாரு, லவினா மிஸ்ஸு ஓடி வர்றாங்க, கையை விரிச்சிக்கினு.

— நளினி! ஐயோ, என் ஆண்டவரே, இன்னா மேன் இப்படி வரைஞ்சிருக்க! பசங்க கை வச்சுப் பார்க்கணும்னு அடம் பிடிக்குதுங்க. உன் கையைக் குடு, முத்தம் குடுக்கணும். இன்னா கட்டு இது?

— ஒண்ணும் இல்ல, வுடு லவினா. உனக்குப் பிடிச்சிருக்குதில்ல?

— பிடிச்சிருக்கா? அழுதுட்டேன் மேன்! ஆனா நீ பெரிய திருடி. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு. எப்ப வந்த எங்க பக்கம்?

— எந்தப் பக்கம்?

— மிஸ், அக்கா நேத்து ராத்திரி பூரா தூங்கல, அதான் முழிக்கறாங்க. நீங்க வாங்க, டீ சாப்பிடலாம்.

— சும்மா நடிக்காதீங்க, ரெண்டு பேரும்! நானே இதை ஸ்கூல்ல ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாம பொத்தி வச்சிருந்தேன். அங்க முள்ளெல்லாம் வெட்டித் தள்ளிட்டாங்களே, மழைக்குப் புல்லு வந்திருக்கு, முந்தாநாள்ல இருந்து மொத்த மான் கூட்டமும் எங்க பாலகாட்டுத் தொட்டி கிட்டதான் நிக்குது. அதுல ஒண்ணு இன்னைக்குக் காலையில குட்டி போட்டிருக்கு நளினி, இன்னும் எழுந்து நிக்கக்கூட வரல அதுக்கு.